இதய வால்வு அறுவை சிகிச்சை: முடிவெடுப்பதும், அதற்குப் பின் வாழ்வதும்



மருத்துவ உதவி கேட்டு நம் அலுவலகத்துக்கு வருகிறவர்களில் இதய வால்வு நோயாளிகளின் குடும்பங்களும் உண்டு. கையில் ஒரு துணிப்பை இருக்கும். அதற்குள் எக்கோ ரிப்போர்ட், ஈ.சி.ஜி. காகிதங்கள், மருத்துவமனை எழுதிக் கொடுத்த செலவுக் கணக்கு. அவர்களின் முதல் கேள்வி பணத்தைப் பற்றியது. இரண்டாவது, "ஆபரேஷன் இல்லாம மருந்துலேயே சரியாகாதா?" என்பது. மூன்றாவதாக ஒரு கேள்வி உண்டு. அதை அநேகமாக யாரும் கேட்பதில்லை: "ஆபரேஷனுக்கு அப்புறம் என்ன?"

சில ஆண்டுகளுக்கு முன் இரண்டு பிள்ளைகளுக்குத் தாயான ஒரு சகோதரிக்கு மைட்ரல் வால்வை மாற்றினார்கள். ஊரே சேர்ந்து பணம் திரட்டியது. நல்லபடியாக வீடு திரும்பினார். எட்டு மாதம் போனது. உடம்பு தேறிவிட்டது, வீட்டு வேலையெல்லாம் செய்கிறார், இனி மாத்திரை எதற்கு என்று வீட்டில் தோன்றியது. தீர்ந்துபோன மாத்திரையை மறுபடி வாங்கவில்லை. சில வாரங்களில் ஓர் இரவு மூச்சுத் திணறலோடு தூக்கிக்கொண்டு ஓடினார்கள். புதிய வால்வில் இரத்தம் உறைந்து, அதன் இதழ்கள் அசையாமல் நின்றிருந்தன. உறைவைக் கரைக்கும் மருந்து செலுத்தி, அல்லாஹ்வின் கிருபையால் பிழைத்தார். ஆபரேஷனுக்குப் பணம் கொடுத்த நாமோ, அந்த எட்டு மாதத்தில் ஒருமுறைகூட "மாத்திரை இருக்கிறதா?" என்று அந்த வீட்டில் கேட்கவில்லை.

இந்தக் கட்டுரை சொல்ல வருவது இதைத்தான்: வால்வு ஆபரேஷன் ஒரு நாளில் முடிந்துவிடும், அதன் பராமரிப்பு ஆயுள் முழுக்க நீளும். ஆகவே முடிவெடுக்கும் நாளிலேயே அதற்குப் பின்வரும் ஆண்டுகளையும் சேர்த்து யோசித்து முடிவெடுக்க வேண்டும்.

வால்வு என்றால் என்ன?

இதயத்தில் நான்கு அறைகள், நான்கு வால்வுகள். வால்வு என்பது ஒரு பக்கம் மட்டுமே திறக்கும் கதவு. இரத்தம் முன்னால் போக வழிவிடும். பின்னால் திரும்ப விடாது. இதயம் ஒரு நாளைக்கு ஏறக்குறைய ஒரு லட்சம் முறை துடிக்கிறது. அத்தனை முறையும் இந்தக் கதவுகள் திறந்து மூட வேண்டும். அதிகம் கெடுவது இடப்பக்கத்தில் உள்ள மைட்ரல், அயோர்டிக் என்ற இரண்டு வால்வுகள்.

கோளாறு இரண்டு வகை. கதவு சரியாகத் திறக்காமல் குறுகிப்போவது சுருக்கம். சரியாக மூடாமல் இரத்தம் பின்னால் வழிவது கசிவு. சிலருக்கு இரண்டும் சேர்ந்தே இருக்கும்.

நம் நாட்டில் இளம் வயதில் வால்வு கெடுவதற்கு முக்கியக் காரணம் ருமாட்டிக் காய்ச்சல். 5 முதல் 15 வயதுப் பிள்ளைகளுக்கு ஒருவகைக் கிருமியால் தொண்டைப்புண் வருகிறது. அதற்குச் சரியான மருந்து கொடுக்காவிட்டால், சிலருக்குச் சில வாரங்களில் மூட்டு வீக்கமும் காய்ச்சலும் வந்து இதய வால்வையும் தாக்குகிறது. மூட்டு வலி போய்விடும். வால்வில் விழுந்த தழும்பு போகாது. அது பத்து, இருபது ஆண்டு கழித்து, பெரும்பாலும் பெண்களுக்கு, கர்ப்ப காலத்தில் மூச்சுத் திணறலாக வெளிப்படும். வயதானவர்களுக்கு வருவது வேறு: அயோர்டிக் வால்வில் சுண்ணாம்பு படிந்து இறுகுவது. மூன்று இதழ் இருக்க வேண்டிய அயோர்டிக் வால்வு சிலருக்குப் பிறவியிலேயே இரண்டு இதழாக இருக்கும். அவர்களுக்கு இந்த இறுக்கம் சற்று முன்னதாகவே வரும்.

எப்போது ஆபரேஷன்?

வால்வில் கோளாறு என்றதும் எல்லோருக்கும் ஆபரேஷன் இல்லை. லேசானது, நடுத்தரமானது என்று எக்கோவில் சொன்னால், மருத்துவர் குறித்த இடைவெளியில் மறுபடி எக்கோ பார்த்து வந்தால் போதும். அந்தத் தேதியைத் தவறவிடக் கூடாது, அவ்வளவுதான்.

கடுமையான கோளாறு என்றால் நிலைமை வேறு. மருந்து நுரையீரலில் தேங்கும் நீரைக் குறைக்கும், படபடப்பைக் கட்டுப்படுத்தும், குறுகிய கதவை அகலமாக்காது. நோயாளி மருந்தில் கொஞ்சம் சுகமாக உணரும்போது குடும்பம் ஆபரேஷனைத் தள்ளிப்போடுகிறது. அதற்குள் இதயத் தசை தளர்ந்துவிடுகிறது. தளர்ந்த பின் ஆபரேஷன் செய்தாலும் முழுப் பலன் கிடைக்காது. கடுமையான அயோர்டிக் சுருக்கத்தில் மூச்சிரைப்பு, நெஞ்சுவலி, மயக்கம் ஆகியவை வந்த பிறகும் வால்வைச் சரிசெய்யாமல் விட்டால், பாதிப் பேர் இரண்டு மூன்று ஆண்டுகளைத் தாண்டுவதில்லை.

கசிவு நோயில் இன்னொரு சிக்கல் உண்டு. நோயாளிக்கு ஒன்றுமே தெரியாது; ஆனால் எக்கோவில் இதயம் பெரிதாகிக்கொண்டு போவது தெரியும். அப்போது மருத்துவர் அறிகுறி வரும் முன்பே ஆபரேஷன் சொல்வார். "நல்லாத்தானே இருக்கேன்" என்று அதைத் தட்டிக்கழிக்க வேண்டாம்.

நம் வீடுகளில் அறிகுறியைக் கண்டுபிடிப்பதும் எளிதல்ல. உம்மாவுக்கு மூச்சு வாங்கினால் வயதாகிவிட்டது என்கிறோம். மருமகளுக்கு மூச்சு வாங்கினால் இரத்தசோகை என்கிறோம். பெண்கள் வெளியே சொல்லாமல் வேலையைக் குறைத்துக்கொள்வார்கள். மாடிக்குப் போவதை நிறுத்திவிடுவார்கள். தலையணையை இரண்டாக வைத்துப் படுப்பார்கள். ஆகவே இப்படிக் கேட்டுப் பாருங்கள்: போன ரமலானில் நிற்காமல் செய்த எந்த வேலையை இப்போது செய்ய முடியவில்லை? அந்தப் பதிலை மருத்துவரிடம் அப்படியே சொல்லுங்கள்.

இரண்டாவது மருத்துவர் ஒருவரிடம் கருத்துக் கேட்பது நல்லது. ஐந்து பேரிடம் கேட்டு ஆறு மாதம் போக்குவது நல்லதல்ல. இஸ்திகாரா செய்யுங்கள், மஷூராவும் செய்யுங்கள். இரண்டும் முடிவெடுக்கத்தான், தள்ளிப்போட அல்ல.

பலூன், பழுது பார்ப்பு, மாற்றம்

"வால்வு ஆபரேஷன்" என்ற ஒரே பெயரில் மூன்று வெவ்வேறு சிகிச்சைகள் பேசப்படுகின்றன.

முதலாவது பலூன் சிகிச்சை. மைட்ரல் வால்வு சுருங்கியிருந்து, அதிகம் சுண்ணாம்பு படியாமல், பெரிய கசிவும் இல்லாமல் இருந்தால் இது பொருந்தும். தொடை இடுக்கில் உள்ள இரத்தக் குழாய் வழியாக ஒரு பலூனைச் செலுத்தி, ஒட்டிக்கொண்ட இதழ்களைப் பிரிப்பார்கள். நெஞ்சைத் திறக்க வேண்டியதில்லை. இரண்டு மூன்று நாளில் வீட்டுக்கு வந்துவிடலாம். ஜப்பானிய மருத்துவர் கஞ்சி இனோவே 1980களில் கொண்டுவந்த இந்த முறை நம் நாட்டில் ஏராளமான இளம்பெண்களுக்குப் பயன்பட்டிருக்கிறது. பல ஆண்டு கழித்து மறுபடி சுருங்கக்கூடும் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

இரண்டாவது, சொந்த வால்வையே பழுது பார்ப்பது. முடிந்த இடத்தில் இதுவே சிறந்தது. ஆயுள் முழுக்க இரத்தம் உறையாத மாத்திரை சாப்பிடும் அவசியம் பெரும்பாலோருக்கு இராது. எல்லா வால்வையும் பழுது பார்க்க முடியாது. அதில் தேர்ந்த அறுவை மருத்துவரும் வேண்டும். "ரிப்பேர் செய்ய வாய்ப்பு உண்டா?" என்று கட்டாயம் கேளுங்கள்.

மூன்றாவது, வால்வையே மாற்றுவது. வயது முதிர்ந்தவர்களுக்கு அயோர்டிக் வால்வை நெஞ்சைத் திறக்காமல் குழாய் வழியாகவே வைக்கும் முறையும் உண்டு. அதை டாவி என்பார்கள். 2002ல் பிரான்சில் அலன் கிரிபியே முதன்முதலில் செய்தது. நெஞ்சைத் திறக்கும் ஆபரேஷனைத் தாங்க முடியாத பெரியவர்களுக்கு இது பெரிய வரம். ஆனால் நம் நாட்டில் இன்னும் பல லட்சம் ரூபாய் ஆகிறது.

எந்த வால்வு?

மாற்று வால்வு இரண்டு வகை. ஒன்று மெக்கானிக்கல் வால்வு. உலோகம், கடினமான கார்பன் போன்றவற்றால் ஆனது. எளிதில் தேயாது, பல பத்தாண்டுகள் உழைக்கும். திருவனந்தபுரம் ஸ்ரீ சித்ரா திருநாள் நிறுவனம் உருவாக்கிய சித்ரா வால்வு நம் நாட்டிலேயே தயாராகி, செலவைக் குறைத்தது. ஆனால் அந்நியப் பொருள் என்பதால் அதன்மேல் இரத்தம் உறையும். ஆகவே வார்ஃபரின் அல்லது அசிட்ரோம் மாத்திரையை மரணம் வரை ஒரு நாளும் விடாமல் சாப்பிட வேண்டும். மாதம்தோறும் இரத்தப் பரிசோதனையும் வேண்டும்.

மற்றொன்று டிஷ்யூ வால்வு. விலங்கின் திசுவைப் பதப்படுத்திச் செய்வது. பெரும்பாலும் முதல் சில மாதங்களுக்குப் பிறகு வார்ஃபரின் தேவைப்படாது. இதயத்துடிப்பு ஒழுங்கற்றுப்போனவர்களுக்கு மட்டும் தொடரும். ஆனால் இது தேயும். வயதானவர்களுக்குப் பத்து, பதினைந்து ஆண்டு வரும். இளையவர்களுக்கு அதைவிட விரைவாகக் கெடும். கெட்டால் மறுபடி ஆபரேஷன்.

பொதுவாக 50 வயதுக்குக் கீழே மெக்கானிக்கல், 65க்கு மேலே டிஷ்யூ என்று மருத்துவர்கள் சொல்வார்கள். இடைப்பட்ட வயதில் நோயாளியும் குடும்பமும் சேர்ந்து முடிவெடுக்க வேண்டியிருக்கும். அங்கேதான் உங்கள் வீட்டு நிலைமை முக்கியமாகிறது. எது விலை அதிகம், எது புதுசு என்று பார்க்க வேண்டாம். இவற்றைக் கேட்டுக்கொள்ளுங்கள்:

மாதம் ஒருமுறை இரத்தப் பரிசோதனைக்குப் போக முடியுமா? அந்தப் பரிசோதனை செய்யும் லேப் எவ்வளவு தொலைவில் இருக்கிறது? நோயாளி வளைகுடாவில் வேலை செய்பவர் என்றால் அங்கே இதற்கு ஏற்பாடு உண்டா? மாத்திரையை நினைவூட்ட வீட்டில் யார் இருக்கிறார்? அடிபடும் வேலை செய்கிறவரா? குழந்தை பெறும் வயதுப் பெண்ணா? பத்துப் பதினைந்து ஆண்டு கழித்து இரண்டாவது ஆபரேஷன் வந்தால் உடலும் குடும்பமும் தாங்குமா?

இதற்கெல்லாம் நேர்மையாகப் பதில் சொன்னால் மருத்துவருக்கும் வேலை எளிது.

விலங்கின் திசு பற்றிய ஐயம்

டிஷ்யூ வால்வில் பன்றியின் வால்வைப் பதப்படுத்தியதும் உண்டு. மாட்டின் இதய உறையால் செய்ததும் உண்டு. ஆகவே "மாட்டுத் திசுவால் ஆனது வேண்டும்" என்று அறுவை மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். இது தினமும் அவர்கள் கேட்கிற கோரிக்கைதான், தயங்க வேண்டியதில்லை. சொல்ல வேண்டியது ஆபரேஷன் தேதி குறிக்கும்போது. தியேட்டர் வாசலில் அல்ல.

வேறு வழி இல்லாத நிலையில் என்ன செய்வது? நிர்ப்பந்தத்துக்கு ஆளானவருக்கு மார்க்கம் தரும் சலுகையை அல்பகரா அத்தியாயத்தின் 173ஆம் வசனம் நமக்குக் காட்டுகிறது. உயிர் காக்க மாற்று இல்லாதபோது பன்றித் திசு வால்வும் கூடும் என்பது இக்கால உலமாக்களில் பலரின் கருத்து. ஆபரேஷன் நேரத்தில் இரத்தம் உறையாமல் இருக்கக் கொடுக்கும் ஹெப்பாரின் ஊசியும் பெரும்பாலும் பன்றிக் குடலிலிருந்து எடுக்கப்படுவதுதான். அதைக் கேள்விப்பட்டு ஆபரேஷனையே நிறுத்திவிடாதீர்கள். உங்கள் ஊர் ஆலிமிடம் எக்கோ ரிப்போர்ட்டோடு போய், நிலைமையை முழுமையாகச் சொல்லிக் கேளுங்கள். ஏற்கெனவே அத்தகைய வால்வு வைக்கப்பட்ட பெரியவரிடம் போய் அவர் மனத்தைக் கலக்கும் கேள்விகளை யாரும் கேட்க வேண்டாம்.

பெண்பிள்ளைகள் விஷயத்தில்

இது தனியாகச் சொல்ல வேண்டிய செய்தி. மைட்ரல் வால்வு கடுமையாகச் சுருங்கியிருக்கும் பெண், அதைச் சரிசெய்யாமல் கர்ப்பமாவது தாயின் உயிருக்கே ஆபத்து. முதலில் வால்வு, பிறகு குழந்தை.

மெக்கானிக்கல் வால்வு வைத்த பெண்ணுக்கும் கர்ப்பம் எளிதல்ல. வார்ஃபரின் கர்ப்பத்தின் 6 முதல் 12 வாரத்துக்குள் கருவைப் பாதிக்கலாம். அதை நிறுத்தினால் தாயின் வால்வில் இரத்தம் உறையலாம். மாற்றாக ஹெப்பாரின் ஊசி கொடுப்பார்கள். அதற்கு நெருக்கமான கண்காணிப்பு வேண்டும். இதய மருத்துவரும் மகப்பேறு மருத்துவரும் சேர்ந்து முன்கூட்டியே திட்டமிட்டால் தாயும் பிள்ளையும் நலமாக வரும் வாய்ப்பு கூடும். மாதவிடாய் தள்ளிப்போனால் அந்த வாரமே மருத்துவரைப் பாருங்கள். மாத்திரையைத் தானாக நிறுத்தாதீர்கள். மாதவிடாயில் இரத்தப்போக்கு அதிகமானாலும் அப்படியே.

இதனால்தான் கல்யாணமாகாத பெண்ணுக்கும், இன்னும் குழந்தை வேண்டும் என்கிற பெண்ணுக்கும் டிஷ்யூ வால்வு வைப்பதையும் மருத்துவர்கள் யோசிக்கிறார்கள். பின்னால் இரண்டாவது ஆபரேஷன் வரும் என்று தெரிந்தே எடுக்கும் முடிவு அது. அந்தப் பேச்சில் பெண்ணும் இருக்க வேண்டும். வாப்பாவும் மாமாவும் மட்டும் பேசி முடிக்கிற காரியம் இதுவல்ல.

நிக்காஹ் பேசும்போது மாப்பிள்ளை வீட்டாரிடம் இதை மறைக்கிறவர்கள் உண்டு. மறைத்தால் அந்தப் பெண் மாத்திரையை ஒளித்துச் சாப்பிடுவாள். ஒருநாள் விட்டும் விடுவாள். அவள் உயிரைவிடப் பெரிய சம்பந்தம் எதுவும் இல்லை.

செலவுக்கு வழி

தமிழகத்தில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் இதய அறுவை சிகிச்சைகள் அடங்கும். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை காப்பீடு. ரேஷன் கார்டு, ஆதார், வருமானச் சான்று ஆகியவற்றோடு மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள மையத்தில் பதிவு செய்யலாம். நோய் வந்த பிறகு ஓடுவதைவிட, இப்போதே அட்டை இருக்கிறதா என்று பாருங்கள். சேரப்போகும் மருத்துவமனை திட்டத்தில் உள்ளதா, உங்களுக்குச் சொன்ன சிகிச்சைக்கு ஒப்புதல் கிடைக்குமா என்று சேரும் முன்பே கேளுங்கள். சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை, மதுரை இராசாசி மருத்துவமனை போன்ற அரசு மருத்துவமனைகளிலும் இதய அறுவை சிகிச்சைப் பிரிவு உண்டு.

கணக்குப் போடும்போது மருத்துவமனைச் செலவோடு நிறுத்தாதீர்கள். மூன்று மாத வருமான இழப்பு, உடனிருப்பவரின் சாப்பாடு, போக்குவரத்து, மாதாந்திர மாத்திரை, இரத்தப் பரிசோதனை ஆகியவற்றையும் எழுதுங்கள். ஜகாத் நிதியிலிருந்து உதவ நினைப்பவர்கள் ஆபரேஷனுக்கு மொத்தமாகக் கொடுப்பதோடு, மாதச் செலவுக்கென்று சிறு தொகையை ஒதுக்கினால் அந்த ஆபரேஷன் வீணாகாது.

ஆபரேஷனும் மருத்துவமனை நாட்களும்

முன்னதாகப் பல் மருத்துவரிடம் அனுப்புவார்கள். சொத்தைப் பல்லில் உள்ள கிருமி இரத்தத்தில் கலந்து புதிய வால்வைத் தாக்கும் என்பதால் இது. 40 வயதைத் தாண்டியவர்களுக்கு ஆஞ்சியோவும் எடுப்பார்கள். இரத்தம் கொடுக்க ஆட்கள் வேண்டும். ஜமாஅத் இளைஞர்கள் இதற்கு முன்வர வேண்டும்.

நெஞ்செலும்பை நடுவில் பிரித்து, இதய நுரையீரல் இயந்திரத்தின் உதவியோடு இதயத்தை நிறுத்தி வால்வை மாற்றுவார்கள். மூன்று முதல் ஐந்து மணி நேரம் ஆகலாம். வேறு பெரிய நோய் இல்லாதவருக்கு ஒரே வால்வை மாற்றும்போது உயிராபத்து நூற்றுக்கு ஓரிருவர், மூவர் என்ற அளவில்தான். சிறுநீரகக் கோளாறு, தளர்ந்த இதயம், முதுமை ஆகியவை இருந்தால் கூடும். உங்கள் நோயாளிக்கு எவ்வளவு என்று மருத்துவரிடமே கேளுங்கள்.

ஐ.சி.யூ.வில் முதலில் பார்க்கும்போது வாயில் குழாய், நெஞ்சில் குழாய், சுற்றிலும் இயந்திரங்கள். பார்த்துக் கலங்க வேண்டாம், அதுதான் வழக்கம். இரண்டு மூன்று நாளில் சாதாரண வார்டு. எல்லாம் சரியாகப் போனால் ஒரு வாரம், பத்து நாளில் வீடு. இரண்டாம் மூன்றாம் நாளில் இதயத்துடிப்பு தாறுமாறாவது பலருக்கும் நடக்கும்; பெரும்பாலும் மருந்தில் அடங்கும். மூச்சுப் பயிற்சிக் கருவியை ஊதச் சொல்வதும், இருமச் சொல்வதும் நுரையீரலில் சளி கட்டாமல் இருக்கத்தான். இருமும்போது ஒரு தலையணையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டால் வலி குறையும். நலம் விசாரிக்கக் கூட்டமாகப் போக வேண்டாம். வீட்டிலிருந்து செய்யும் துஆவும் போய்ச் சேரும். கூட்டத்தோடு கிருமியும் சேர்ந்து போகும்.

வீட்டில் முதல் மூன்று மாதம்

பிரித்த நெஞ்செலும்பு கூடுவதற்கு ஆறு முதல் பன்னிரண்டு வாரம் ஆகும். அதுவரை கனமான எதையும் தூக்கக் கூடாது. தண்ணீர்க் குடம், கேஸ் சிலிண்டர், பேரப்பிள்ளை எல்லாம் இதில் அடங்கும். கையை ஊன்றி எழக் கூடாது. பக்கவாட்டில் திரும்பிக் காலைத் தொங்கவிட்டு எழ வேண்டும். பைக், ஸ்கூட்டர் ஓட்டுவதும் பின்னால் உட்கார்ந்து போவதும் மருத்துவர் அனுமதித்த பிறகுதான்.

தொழுகையிலும் இதே கவனம் வேண்டும். சஜ்தாவிலிருந்து கையை ஊன்றி எழும்போது முழு பாரமும் நெஞ்செலும்பில் இறங்கும். ஆகவே எலும்பு கூடும்வரை நாற்காலியில் உட்கார்ந்து சைகையால் தொழுங்கள். நோயாளிக்கு மார்க்கம் தந்த சலுகை அது. காயத்தின் மேல் தண்ணீர் படக்கூடாத நாட்களில் உளூ, குளிப்பு எப்படி என்று ஆலிமிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

நடைதான் மருந்து. முதல் வாரம் வீட்டுக்குள் ஐந்து நிமிடம், பிறகு வாசல், பிறகு தெரு என்று கூட்டிக்கொண்டே போகலாம். பலருக்குப் பசி இருக்காது, தூக்கம் கெடும், சிறு விஷயத்துக்கும் அழுகை வரும், மறதி வரும். பெரும்பாலும் சில வாரங்களில் சரியாகும். "ஆபரேஷன்தான் முடிஞ்சிடுச்சே, ஏன் இப்படி இருக்கே?" என்று அதட்டாதீர்கள். ஒரு மாதத்துக்கு மேலும் நீடித்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள். மெக்கானிக்கல் வால்வு வைத்தவருக்கு இரவின் அமைதியில் கடிகாரம் போல 'டிக் டிக்' சத்தம் கேட்கும். அது வால்வு வேலை செய்கிற சத்தம். ஒருநாள் அந்தச் சத்தம் மங்கினாலோ நின்றாலோ உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

விடக்கூடாத மாத்திரை

வார்ஃபரின், அசிட்ரோம் சாப்பிடுவோருக்கு ஐ.என்.ஆர். என்ற பரிசோதனை செய்வார்கள். சாதாரணமாக ஒருவருக்கு அது 1 அளவில் இருக்கும். மெக்கானிக்கல் வால்வு உள்ளவருக்குப் பெரும்பாலும் அயோர்டிக் என்றால் 2 முதல் 3, மைட்ரல் என்றால் 2.5 முதல் 3.5 என்று வைத்திருக்கச் சொல்வார்கள். குறைந்தால் வால்வில் உறைவு. கூடினால் இரத்தக் கசிவு. உங்களுக்குரிய அளவை மருத்துவரிடம் கேட்டு, ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். ஒவ்வொரு பரிசோதனையின் தேதி, அளவு, மாத்திரையின் மி.கி. மூன்றையும் அதே நோட்டில் குறித்து வாருங்கள்.

மாத்திரைக்கு ஒரு நேரம் வைத்துக்கொள்ளுங்கள். மஃரிபுக்குப் பின் என்று பழகினால் நோன்பு மாதத்திலும் நேரம் மாறாது. ஒரு வேளை மறந்தால் அன்றே நினைவு வந்ததும் சாப்பிடலாம். மறுநாள் இரட்டிப்பாகச் சாப்பிடக் கூடாது. மருந்துக் கடையில் ஒரே பெயரில் வெவ்வேறு மி.கி. இருக்கும், பார்த்து வாங்குங்கள். மெக்கானிக்கல் வால்வுக்கு, பரிசோதனை தேவைப்படாத புதுவகை மாத்திரைகள் பொருந்தாது. யாராவது மாற்றித் தரச் சொன்னால் இதய மருத்துவரைக் கேட்காமல் மாற்றாதீர்கள்.

முருங்கைக்கீரை உள்ளிட்ட கீரைகளை அடியோடு விட வேண்டாம். ஒரு வாரம் தினமும், அடுத்த வாரம் ஒன்றுமில்லை என்று சாப்பிடுவதுதான் அளவைக் குலைக்கும். மூட்டு வலிக்கு என்று கடையில் கேட்டு வாங்கும் வலி மாத்திரை ஆபத்து. சில ஆன்டிபயாடிக் மருந்துகளும் அளவை ஏற்றி இறக்கும். கருஞ்சீரக எண்ணெய், பூண்டு மாத்திரை, நாட்டு மருந்து, லேகியம் எதுவானாலும் மருத்துவரிடம் சொல்லாமல் தொடங்காதீர்கள். ஹிஜாமா செய்துகொள்வதும், சதையில் ஊசி போட்டுக்கொள்வதும் மருத்துவரைக் கேட்காமல் கூடவே கூடாது. பல் பிடுங்கப் போனால் வால்வு மாற்றியதை முதலில் சொல்லுங்கள். முன்கூட்டியே ஆன்டிபயாடிக் கொடுப்பார்கள். ருமாட்டிக் காய்ச்சலுக்காக மூன்று வாரத்துக்கொருமுறை போடும் பென்சிலின் ஊசியை, வால்வு மாற்றிவிட்டோமே என்று நிறுத்த வேண்டாம். எதுவரை என்று மருத்துவர் சொல்வார்.

நோன்பும் பயணமும்

ஆபரேஷன் செய்த ஆண்டிலேயே எல்லா நோன்பையும் பிடித்துவிட வேண்டும் என்று துடிக்கிறவர்கள் உண்டு. உடல் தேறி, ஐ.என்.ஆர். நிலையாக இருந்து, மருத்துவரும் அனுமதித்தால் நோன்பு வைக்கலாம். ரமலான் தொடங்கும் முன்பும் இடையிலும் ஒருமுறை பரிசோதனை செய்துகொள்ளுங்கள். நீர் பிரியும் மாத்திரை சாப்பிடுகிறவர்களும், இதயம் தளர்ந்தவர்களும் கூடுதல் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். வேண்டாம் என்று மருத்துவர் சொன்னால் அதுவே உங்களுக்குரிய சலுகையின் வாசல். பிறகு களா செய்வதா, பித்யா கொடுப்பதா என்பதை ஆலிமிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

உம்ரா, ஹஜ் போகிறவர்கள் தேவைக்கு மேல் இரண்டு வார மாத்திரையைக் கைப்பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். ஐ.என்.ஆர். நோட்டின் நகலும் மருத்துவர் கடிதமும் கூட இருக்கட்டும். ஆண்கள் தலையை மழிக்கும்போது வெட்டுப்படும் என்று அஞ்சினால், முடியைக் குறைத்துக்கொள்வதும் கூடும்.

உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டிய அறிகுறிகள்

* திடீர் மூச்சுத் திணறல், மயக்கம், நெஞ்சுவலி
* கை கால் மரத்துப்போதல், வாய் கோணுதல், பேச்சுக் குழறுதல்
* விடாத காய்ச்சல், குளிர் நடுக்கம்
* நெஞ்சுக் காயத்தில் சீழ், சிவப்பு; எலும்பு அசையும் உணர்வு
* கறுப்பாக மலம், சிவப்பாகச் சிறுநீர், நிற்காத மூக்கு அல்லது ஈறு இரத்தம்
* தலையில் அடிபட்டால், வெளியே காயம் தெரியாவிட்டாலும்
* ஓரிரு நாளிலேயே எடை கூடுதல், கால் வீக்கம்

ஜமாஅத்தாகிய நம் பங்கு

ஒரு வீட்டில் வால்வு ஆபரேஷன் நடந்தால், பணம் கொடுத்ததோடு நம் கடமை தீர்ந்தது என்று எண்ண வேண்டாம். மஹல்லாவில் ஒருவர் பொறுப்பெடுத்து, மாதம் ஒருமுறை அந்த வீட்டில் மூன்றே கேள்வி கேட்டால் போதும்: மாத்திரை இருக்கிறதா? இரத்தப் பரிசோதனை செய்தாச்சா? அளவு எவ்வளவு? ஆண்கள் தயங்கும் வீட்டில் பெண்கள் போய்க் கேட்கலாம். பரிசோதனைக்கு ஒருவரைப் பைக்கில் அழைத்துப் போவதும் தர்மம்தான்.

கட்டுரையின் தொடக்கத்தில் சொன்ன அந்தச் சகோதரி இன்று நலமாக இருக்கிறார். அவருடைய நோட்டை இப்போது மூத்த மகள் எழுதுகிறாள். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அவள் உம்மாவிடம் கேட்கும் முதல் கேள்வி, "நேத்து மாத்திரை போட்டீங்களா, உம்மா?"

நோயுற்ற நம் உறவுகள் அனைவருக்கும் அல்லாஹ் பூரண சுகத்தைத் தருவானாக. ஆமீன்.